ஒட்டாத பன்னிரண்டாம் புத்தகம்

"பாதிக்குமேல் இந்த நாவலில் ஒன்றுமில்லை. நேரமில்லாதவர்கள் அங்கேயே மூடி வைத்துவிடலாம்."

தினேஸ்வரன் முகநூலில் இப்படி எழுதியிருந்ததைப் பார்த்தபோது மலர்விழி கெம்போங் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மீனைத் தட்டில் போட்டாள். கையைக்கூடக் கழுவாமல் சுண்டுவிரலால் திரையை மேலே தள்ளி, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். திரையில் மஞ்சள் கோடு விழுந்தது.

"அடப்பாவி," என்றாள். "இவன் படிக்கவே இல்ல."

கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தங்கராஜு திரும்பாமலே கேட்டான்: "என்னா, உங்க அண்ணன் மறுபடியும் உன்னப் பத்தி எழுதிட்டாரா?"

"என்னப் பத்தி எழுதுனாகூட பரவாயில்லலா. இது அதவிட மோசம்."

ஜாசின் பட்டணத்தில் டயர் கடை வைத்திருக்கும் மனிதன் அவன். விண்கலங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மனைவி சண்டை போடும்போது காதில் விழுந்ததுதான். ஆனால் இந்த மூன்று மாதத்தில் அது கொஞ்சநஞ்சமாக இல்லை.

விஷயம் இதுதான். மலர்விழியும் தினேஸ்வரனும் ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது 'தோரியா' என்றொரு ஆங்கிலத் தொடர் டிவியில் வந்தது. தோரியா ஒரு விண்கலம்; ரென்னா என்கிற பெண் அதற்குக் கேப்டன். தோட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள், பிறகு பந்து விளையாடப் போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் போகவில்லை. அந்தத் தொடரை வைத்து யார் யாரோ எழுதிய நாவல்கள் பன்னிரண்டு வெளியாகியிருந்தன. தோட்டத்து லாரி ஓட்டிய அப்பா மலாக்காவுக்கு ரப்பர் பால் ஏற்றிப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடையில் நின்று, அட்டையில் அந்தக் கப்பல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வாங்கி வருவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. படம்தான் அடையாளம்.

புத்தகம் ஒன்று, படிக்க இரண்டு பேர். அடிதடி இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கடைசியில் ஒருநாள் அப்பாவே ரப்பர் மரம் சீவும் கத்தியை எடுத்து, புத்தகத்தை முதுகோடு சரிபாதியாக வெட்டி இருவர் மடியிலும் போட்டார். மூத்தவனுக்கு முன்பாதி. இளையவளுக்குப் பின்பாதி. படித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் முடித்த பிறகு, பால் பிடிக்கும் மங்கில் கொஞ்சம் ரப்பர் பால் எடுத்து வந்து முதுகில் தடவி, இரண்டு பாதியையும் ஒட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்துவிடுவார்கள். காய்ந்த பிறகு புத்தகம் முன்னைவிட உறுதியாக இருக்கும், நாற்றம்தான் போகாது.

அதனால் மலர்விழி பதினொரு நாவல்களையும் நடுவிலிருந்து தொடங்கி, முடிவைப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஆரம்பத்துக்கு வந்தாள். யாரென்றே தெரியாதவர்கள் செத்துப்போவார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் அறிமுகமாவார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பாள், தினேஸ்வரன் பார்க்கமாட்டான். தெரியாத சொல்லைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவான். அதனால்தான் அவன் எப்போதும் முதலில் முடிப்பான்.

பன்னிரண்டாம் புத்தகத்தை மட்டும் அவர்கள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

முன்பாதியைப் படித்துவிட்டு வந்த தினேஸ்வரன், "ரென்னா ஒரு துரோகி," என்றான். பின்பாதியைப் படித்திருந்த மலர்விழி, "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவளமாதிரி ஒருத்தி உண்டா?" என்றாள். அவன், "அகராதிய வச்சு எழுத்துக்கூட்டுற நீ எனக்குச் சொல்றியா?" என்றான். அவள் அவன் பள்ளிச் சட்டையைக் கிணற்றில் போட்டாள். அதோடு சரி. அவன் பாதியை அவன் வைத்துக்கொண்டான், அவள் பாதியை அவள் வைத்துக்கொண்டாள். தோட்டத்தை விற்றார்கள், லயத்து வீடுகளை இடித்தார்கள், அப்பா அம்மா போய்ச் சேர்ந்தார்கள், இருவருக்கும் கல்யாணம் ஆனது. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அந்தப் பேச்சு மட்டும் வந்ததே இல்லை. மற்ற பதினொன்றையும் அம்மாவின் கருமாதி முடிந்த கையோடு தினேஸ்வரன் ஒரு பெட்டியில் அடுக்கி, கேட்காமல் கொள்ளாமல் டுரியான் துங்கலில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப் போனான்.

இந்த வருஷம் தோரியாவைப் புதிதாக எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்டான தினேஸ்வரன் முகநூலில் 'தோரியா மறுவாசிப்பு' என்று ஒரு பக்கம் தொடங்கி, வாரம் ஒரு நாவலாகப் படித்து எழுத ஆரம்பித்தான். தமிழில் இப்படி யாரும் எழுதியதில்லை போலிருக்கிறது. கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் வந்து விழுந்தார்கள். முதல் வாரமே அவன் தோட்டத்துக் கதையை எழுதினான். கத்தி, ரப்பர் பால், அம்மிக்கல், எல்லாம் அதில் இருந்தது. மலர்விழியும் இருந்தாள், ஒரே ஒரு வாக்கியத்தில்: "என் தங்கை அட்டைப்படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள்."

அதற்கு அறுநூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து மலர்விழியும் மறுவாசிப்பு செய்தாள். பதினொரு நாவல்களும் இணையத்தில் யாரோ ஏற்றியது கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் அவன் எழுதும் நாவலைக் கைப்பேசியில் படித்து, அவன் எங்கே தவறினான் என்று பார்த்தாள். அப்போதும் பின்பாதியைத்தான் முதலில் படித்தாள். வேறு எப்படிப் படிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாவது மட்டும் எங்கேயும் இல்லை. அதைப் போட்ட கம்பெனி அச்சடித்த கையோடு படுத்துவிட்டதாம். அவளிடம் இருந்தது பழைய பாதிதான், அதை அவள் எத்தனையோ முறை படித்தாகிவிட்டது.

இப்போது அந்தப் பாதியைத்தான் ஒன்றுமில்லை, மூடி வைத்துவிடலாம் என்கிறான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் பதிவின் கீழே அடித்தாள்: "அண்ணே, பின்பாதி என்னிடம் இருக்கிறது. நீங்கள் எதைப் படித்தீர்கள்?"

மீன் பொரித்துவிட்டு வந்து பார்த்தாள். அவள் எழுதியது இல்லை. அவனுடைய பக்கமே இல்லை.

"பிளாக் பண்ணிட்டான்," என்றாள்.

தங்கராஜு இப்போது திரும்பினான். கூடப்பிறந்தவளைப் பிளாக் பண்ணுவது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"சாவி எங்க?" என்றாள் மலர்விழி.

"மீனு?"

"வந்து தின்னலாம்."

*

டுரியான் துங்கல் வீட்டில் கதவைத் திறந்தவள் அண்ணி புனிதா. மலர்விழியின் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள், உள்ளே பார்த்துக் கத்தினாள்: "என்னங்க! உங்க வாசகி வந்துருக்கா!"

தினேஸ்வரன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்தான். பனியனுக்கு மேல் அவசரமாகச் சட்டையை மாட்டியிருந்தான். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"வா மலர். என்னா திடீர்னு? மாப்பிள உக்காருங்க."

"உக்கார வரல. எதுக்கு என்ன பிளாக் பண்ணுன?"

"அது... ஸ்பேம் நிறைய வருது. தானா ஆயிருக்கும்லா."

"தானா ஆச்சு. நான் எழுதுனதும் தானா அழிஞ்சு போச்சு."

"பப்ளிக்ல வந்து கேட்டா எப்படி? நாலு பேரு பாக்குற எடம் அது."

"நாலு பேரு பாக்குற எடத்துலதான நீ பொய் எழுதுன?"

தினேஸ்வரனுக்குக் குரல் ஏறியது. "என்னாடி பொய்? நான் முழுசா படிச்சிட்டுத்தான் எழுதுனேன்."

"எங்க படிச்ச?"

"படிச்சேன். ஒரு ஃப்ரெண்டுகிட்ட இருந்துச்சு."

"சரி. கடைசியில பனிக்கோள்ல யாரு தங்கிப்போறது?"

அவன் விட்டத்தைப் பார்த்தான். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. "பெல்," என்றான்.

மலர்விழி தங்கராஜு பக்கம் திரும்பி, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையை விரித்தாள். தங்கராஜுவுக்கே தெரியும், பெல் இல்லை என்று, வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறான்.

புனிதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அய்யோ கடவுளே. ஐயாயிரம் பேருக்குக் கதை சொல்றாரு. முடிவு தெரியாது!"

"நீ சும்மா இரு," என்று அவளிடம் பாய்ந்துவிட்டு, தங்கையிடம் திரும்பினான். "பெரிய இவளாட்டம் கேக்கிறியே, நீ முன்பாதி படிச்சியா? சொல்லு. ரென்னா என்னா செஞ்சான்னு தெரியுமா உனக்கு?"

"இல்ல."

"ஆங்! அப்ப நீயும் பாதிதான்."

"பாதிதான். ஆனா நான் எவனுக்கும் எழுதலையே! மூடி வச்சுடுங்கன்னு சொல்லலையே! அட்டப்படம் பாத்தவன்னு உன்ன ஊருக்கெல்லாம் சொல்லலையே!"

இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை முட்டியது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. கத்த வந்த இடத்தில் அழுதுவிட்டுப் போனோம் என்று ஆகக்கூடாது. பையிலிருந்து பாதிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். முன்னட்டை இல்லை, முதல் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவே தொடங்கியது.

"அண்ணே, எனக்கு ஒன்னும் வேணாம். நானும் படிச்சேன்னு எழுது. அது போதும்."

"இதெல்லாம் ஒரு விஷயமாலா? சின்னப் புள்ளைங்க கதை. சுவாரசியமா இருக்கணும்னு எழுதுனேன்."

"அகராதி பாத்துப் பாத்து நான் படிச்சது உனக்குச் சுவாரசியமா இல்லையா?"

அவன் கண் மேசைமேல் இருந்தது. புனிதா அதைக் கவனித்தாள். அலமாரியைத் திறந்து, பழைய பாலிசி கோப்புகளுக்கு அடியிலிருந்து இன்னொரு பாதியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டாள்.

"ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து படிங்க. யாரும் வெளிய கொண்டுபோகக் கூடாது. முடிச்சிட்டு அடிச்சிக்கிங்க. நான் தேத்தண்ணி போடுறேன்."

*

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு நடுவயதுக்காரர்கள் பாதிகளை மாற்றிக்கொண்டு எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே படிக்கத் தொடங்கினார்கள். தங்கராஜு சோபாவில் தூங்கிப்போனான். புனிதா தேநீரை வைத்தபோது யாரும் நிமிரவில்லை. "படிக்கிற மூஞ்சியப் பாரு. ரெண்டும் ஒரே அச்சு," என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

மலர்விழிக்குத் தெரிந்த ரென்னா, சின்னஞ்சிறு ஓடத்தில் தனியாகத் திரும்பி வருகிறவள். பனிக்கோளில் மாட்டிக்கொண்ட ஆட்களில் உயிரோடு இருந்தவர்களை ஏற்றிவிட்டு, இடம் போதாமல் தான் மட்டும் அங்கேயே நின்றுவிடுகிறவள். ஓடம் கிளம்பும் முன் எல்லாரும் அவள் கையைப் பிடிக்கிறார்கள். பெல் என்கிற இளைஞன் மட்டும் கையை நீட்டாமல் திரும்பிக்கொள்கிறான். அந்தப் பெல்லை மலர்விழி இத்தனை வருஷமும் மன்னிக்கவில்லை. நன்றி கெட்டவர்களுக்கு அவள் மனதில் அதுதான் பெயர். சீட்டுப் பிடித்து ஓடிப்போன பெண், கடன் சொல்லித் தலைமறைவான தங்கராஜுவின் கூட்டாளி, எல்லாரும் பெல்தான்.

முன்பாதியில், புயல் வருகிறது. ஆட்கள் கப்பலை நோக்கி ஓடிவருகிறார்கள். ரென்னா கதவருகே நிற்கிறாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று பொறியாளர் சொல்கிறார். மலர்விழி அந்த வரியை இருமுறை படித்தாள். நேரம் இருக்கிறது. ரென்னாவுக்குத் தெரிகிறது நேரம் இருக்கிறதென்று. ஆனால் அவள் கை நடுங்குகிறது, பயம், வெறும் பயம், கதவை மூடிவிடுகிறாள். முதலில் வந்து சேர்ந்தவன் பெல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தட்டுகிறான். அவனுக்குப் பின்னால் அவன் அண்ணன் ஓடிவருகிறான். ரென்னா கண்ணாடி வழியாக இருவரையும் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே கப்பலைக் கிளப்பச் சொல்கிறாள்.

பின்பாதியில் அந்த அண்ணன் இல்லை. பெல்லுக்கு அண்ணன் இருந்ததே மலர்விழிக்குத் தெரியாது. "நான் செய்ததை மன்னிக்கச் சொல்லவில்லை" என்று ரென்னா அங்கே ஒரு வரி சொல்வாள். எவ்வளவு அடக்கம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து உருகியிருக்கிறாள் மலர்விழி. அடக்கம் இல்லை அது. நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு ரென்னாமேல் வந்த கோபத்தைவிட, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இதை அன்றைக்கே கையில் கொடுத்திருந்தால் என்னவாம்? துரோகி என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனானே தவிர, ஏன் என்று சொன்னானா? கேட்டோமா என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை ஒதுக்கிவிட்டாள்.

கடைசிப் பக்கத்தை முடித்து நிமிர்ந்தபோது தினேஸ்வரன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். நெற்றி சுருங்கி, உதடு அசைந்தது. இப்போது குதித்துக் குதித்துப் போகவில்லை போலிருக்கிறது. கையில் மிச்சமிருந்தது சில தாள்கள்தான். ஓடம் கிளம்பும் இடத்துக்கு வந்திருப்பான்.

மலர்விழி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்து, அவன் கையிலிருந்த பாதியைப் பிடுங்கினாள்.

"ஏய்!"

"முடிஞ்சிருச்சு. கிளம்புறேன். உன் பாதி இந்தா இருக்கு."

"மலர், வெளையாடாத. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. குடு."

"எதுக்கு? அதுல ஒன்னுமில்ல. நேரமில்லாதவங்க மூடி வச்சுடலாம்."

சோபாவில் தங்கராஜு விழித்துக்கொண்டான். புனிதா அடுக்களை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"குடு மலர். அவ ஏறுறாளா இல்லையா?"

"எழுது மொதல்ல."

"மெரட்டுறியா?"

"ஆமா, மெரட்டுறேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். "என்னையப் பாக்காதீங்க," என்றாள் புனிதா. "நானும் ஒங்க பேஜ்ல இல்ல."

தினேஸ்வரன் கைப்பேசியை எடுத்தான். மூக்குக்கண்ணாடியைத் தேடினான், அது தலைமேல் இருந்தது. ஏதோ அடித்தான், அழித்தான், மறுபடியும் அடித்தான்.

"சத்தமா படி," என்றாள் மலர்விழி.

"'இந்த நாவலின் பிற்பகுதி குறித்து நான் எழுதியதில் சில விடுபடல்கள்...'"

"விடுபடலா? படிக்கலன்னு எழுது."

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தான். "'இந்த நாவலின் பின்பாதியை நான் அப்போது படிக்கவில்லை. அது என் தங்கை மலர்விழியிடம் இருந்தது.' போதுமா?"

"அட்டப்படம்?"

"அதையுமா?"

அவள் பிளாஸ்டிக் பையைத் திறந்து புத்தகத்தை உள்ளே வைக்கப்போனாள்.

"இரு, இரு! 'அவள் அட்டைப்படம் பார்த்ததாக நான் எழுதியது சரியல்ல. பன்னிரண்டு நாவல்களையும் அவள் அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். என்னைவிட மெதுவாக.'"

"மெதுவாகவா?"

"மெதுவாத்தான படிச்ச? உண்மையத்தான எழுதச் சொன்ன?"

மலர்விழி யோசித்தாள். "சரி. இருக்கட்டும். போடு."

அவன் பெருவிரலால் அழுத்தினான். அவள் தங்கராஜுவின் கைப்பேசியை வாங்கி, வந்துவிட்டதா என்று பார்த்தாள். வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் புத்தகத்தைக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு உட்காரக்கூட இல்லை, நின்றபடியே விட்ட இடத்தைத் தேடினான்.

அவன் முடிக்கும்வரை நிற்க அவளுக்கு விருப்பமில்லை. "அண்ணி, வர்றேன்," என்றாள். புனிதா சாப்பிட்டுப் போகச் சொன்னாள்; வீட்டில் பொரித்த மீன் கிடக்கிறது என்றாள். தங்கராஜு காரைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் அவள் வாசல் கேட்டருகே போய் நின்றாள். வெயில் சாய்ந்திருந்தது, எதிர் வீட்டு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தினேஸ்வரன் வெறுங்காலோடு வெளியே வந்தான். கையில் அவளுடைய பாதி இருந்தது. முகம் ஒருமாதிரி இருந்தது.

"அவ ஏறல," என்றான்.

"ஏறல."

"பெல் கையக் குடுக்கல."

"குடுக்கல."

"நல்லா செஞ்சான் அவன். எத்தன பேரக் கொண்டுவந்து சேத்தாலும் அவன் அண்ணன் வருவானா? நான் அப்ப சொன்னது சரிதான். அவ துரோகிதான்." சொல்லிவிட்டு, அவள் பாய்வாள் என்று காத்திருந்தான். அவள் பாயவில்லை. அவனுக்கு அது வசதியாக இல்லை. காலை மாற்றி நின்றான். "ஆனா... திரும்பி வந்தாளே. வரணும்னு அவளுக்கு என்னா இருந்துச்சு? வராம இருந்திருக்கலாம்." புத்தகத்தை அவளிடம் நீட்டினான். பிறகு, அவளுக்குத் தெரிந்து முதல் தடவையாக, கேட்டான்: "நீ இப்ப முன்பாதி படிச்சிட்டியே. நீ என்னா நெனைக்கிற?"

மலர்விழி பாதியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அவனுக்குச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. கண்ணாடிக்கு வெளியே தட்டிக்கொண்டு நின்ற பையனைப் பற்றி, கதவில் நடுங்கிய கையைப் பற்றி, நீ சொன்னது பாதி சரி என்பதைப் பற்றி. கார் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினாள்.

"எழுதப்போறேன்," என்றாள். "என் பேஜ்ல. வந்து படிச்சுக்க."